பழசாக்கும் வேலை

அருமனை
11.08.2024

அன்பு ஷிஜி மக்காவுக்கு, அண்ணன் ரிஜோ எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி, அதுவும் அம்மாவைப் போல சொன்னால் கேட்காது. அங்கே குளிர் தாங்குகிறாயா, சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். மீன் உண்டா என்று இரண்டு தடவை கேட்கச் சொன்னாள்.

கன்னியாஸ்திரி ஆவதற்கு முன் நவதுறவகத்தில் ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது, நானாவது கடிதம் எழுதுவதாவது என்று சிரித்தேன். இப்போது பார், மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சேதி இதுதான். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையை விட்டுவிட்டேன். இங்கே ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் சத்தியநேசன் என்று ஒருவர் கிட்டார் செய்கிறார், கல்ஃபில் பதினைந்து வருஷம் தச்சு வேலை பார்த்தவர். ஸ்ப்ரே பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதல் நாளே பளபளவென்று ஒரு புதுக் கிட்டாரைக் கையில் தந்து, "இத நாப்பது வருஷப் பழசாட்டு ஆக்கணும் மக்கா" என்றார். எனக்கு மண்டை கிறுகிறுத்துவிட்டது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். கை உரசும் இடத்தில் உப்புத்தாள் போட்டுப் பாலீஷை எடுக்க வேண்டும். சாவிக் கொத்தால் தட்டிக் குழி போட வேண்டும். மரம் தெரியும் இடத்தில் தேயிலைச் சாயம். கம்பி முறுக்குகிற இரும்புக்கு உப்புத்தண்ணீரும் வினிகரும். பெங்களூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். உப்பும் வெயிலும் கயிறும் வள்ளத்தை என்ன பாடு படுத்தும் என்று எட்டு வருஷம் பார்த்து, அதையெல்லாம் மறைக்கப் பெயின்ட் அடித்தவன் நான். இப்போது அதையே வரவழைக்கச் சம்பளம் தருகிறார்கள். அம்மா இதை நம்பவே இல்லை.

அப்பா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஜெபத்தில் என்னையும் கொஞ்சம் சேர்த்துக்கொள், ஓரமாக.

அண்ணன் ரிஜோ


நவதுறவகம்
01.09.2024

இயேசுவுக்குப் புகழ்! அன்பு அண்ணனுக்கு ஷிஜி எழுதுவது. நான் சுகம். குளிர் பழகிவிட்டது. மீன் இல்லை, அம்மாவிடம் உண்டு என்று சொல்லிவிடு, கர்த்தர் மன்னிப்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் நாங்கள் கடிதம் எழுதலாம். எழுதுவதையும் வருவதையும் எங்கள் பொறுப்புச் சிஸ்டர் வாசித்துவிட்டுத்தான் தருவார். அதனால் நீ எனக்கு எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுது. உன் புது வேலையை வாசித்து அவர் என்னிடம் கேட்டார், இது ஏமாற்று இல்லையா என்று. எனக்கும் அதே சந்தேகம்தான். பதில் சொல்.

இன்னொன்று. மே 31இல் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் நாள். திருப்பலியில் காணிக்கைப் பாட்டை ஒரு நவதுறவியின் குடும்பம் பாட வேண்டும். சீட்டுப் போட்டதில் என் பேர் விழுந்திருக்கிறது. எனக்கு அப்பா கிட்டார் வாசிக்க வேண்டும். வேறு யாரும் வேண்டாம். அவர் கை தெரிந்துதான் கேட்கிறேன். இருபத்தைந்து வருஷம் நம் கோவில் பாடகர் குழுவில் வாசித்தவர், மகளின் நாளில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் அவர் வரவேண்டும். வருவாரா?

அப்பா விசாரித்தார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷமாகப் போனிலும் நீ இதையேதான் சொன்னாய், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அண்ணா, அது நீயாகச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். இனிமேல் எழுதாதே.

எல்லாருக்கும் என் அன்பு. முட்டுக்குத் தைலம் தேய்த்து விடு, சும்மா கையில் கொடுத்துவிட்டுப் போகாதே.

ஷிஜி


அருமனை
22.09.2024

அன்பு ஷிஜி மக்காவுக்கு, பிடிபட்ட அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். தைலம் நான்தான் தேய்க்கிறேன், சாட்சிக்கு அம்மா உண்டு.

ஏமாற்று இல்லை மக்கா. சத்தியநேசன் சார் ஒவ்வொரு கிட்டாருக்குள்ளும் செய்த வருஷத்தை எழுதி ஒட்டித்தான் விற்கிறார். ஊரில் பையன்கள் கிழிந்த ஜீன்ஸைக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. உன் சிஸ்டரிடம் சொல்.

அப்பா விஷயத்தில் நீ சொன்னது சரி. நானாகச் சொன்னதுதான். அவர் உன் பேரை எடுப்பதே இல்லை. வலை இழுக்கிற வின்ச்சில் கை மாட்டி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த மாதம்தான் நீ மடத்துக்குக் கிளம்பினாய். "கையும் போச்சு, பிள்ளையும் போறா" என்று சொன்னவர்தான், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு உன் மேல் கோபமா, கடல் மேல் கோபமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்கவும் பயம்.

கிட்டாரைச் சாக்கில் கட்டி மச்சில் போட்டுவிட்டார். சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லாமல் கம்பியை அமுக்கிக் கார்டு பிடிக்க முடியாது என்று அவருக்கே முடிவு. நேற்று அவர் இல்லாத நேரம் ஏறிப் பார்த்தேன். கம்பி கட்டுகிற பலகை பெயர்ந்து கிடக்கிறது. நான் ஒன்று நினைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டிச் சரிசெய்து, கிறிஸ்துமஸுக்கு அவர் மடியில் வைத்துவிடுவேன். வாசிக்கிறாரோ இல்லையோ, கையிலாவது எடுப்பார்.

நீ ஜெபி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரிஜோ


நவதுறவகம்
03.11.2024

இயேசுவுக்குப் புகழ்! அண்ணா, சுகமா? அக்டோபரில் உன் கடிதம் வரவில்லை. தபால் தவறிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு உன்னை நினைத்தேன். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டால் இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் கடப்புறத்தில் சுற்றுவாயே, அந்த மாதிரி இருக்கிறது இந்த மௌனம்.

என்ன உடைந்தது, சொல்.

ஷிஜி


அருமனை
08.12.2024

அன்பு ஷிஜிக்கு, அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். சுகம் என்றால் உடம்புக்கு.

சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கிட்டாரை அக்டோபரில் கடைக்குக் கொண்டுவந்தேன். பலகையை ஒட்டிக் கிளாம்ப் போட்டு வைத்தேன். அதற்குள் சித்தப்பா மகள் சிந்தியா கல்யாணம். பூ வாங்க விடிகாலையில் தோவாளைக்குப் போவதும் பந்தி பார்ப்பதுமாக இரண்டு நாள் லீவு.

எங்கள் கடையில் ஜான்ரோஸ் அண்ணன் என்று ஒருவர் உண்டு. புதுக் கிட்டாருக்குப் பாலீஷ் போட்டு மினுக்குவது அவர் வேலை. அவர் மினுக்குவார், நாங்கள் நாலு பேர் அதை வாங்கிக் கெடுப்போம். பாவம், தினமும் பார்த்து "ச்சே" என்பார். நான் திரும்பி வந்த அன்று வாசலிலேயே நின்றார்.

"உனக்க அப்பாக்க கிட்டாருன்னு சொன்னியே மக்கா. ஒருபாடு சுரண்டிக் கெடந்துது, பாக்கவே வருத்தமாட்டு இருந்து. ஒரு நாளு முழுக்க இருந்து தேச்சு எடுத்துப் புதுசாட்டு ஆக்கிப் போட்டேன். கூலி ஒண்ணும் வேண்டாம், கேட்டியா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. என் முகம் தெரிகிறது. அப்பாவின் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜான்ரோஸ் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், என்ன சொல்ல முடியும்? "ஒருபாடு நன்றி அண்ணே" என்றேன். பிறகு கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பாவிடம் இதை எப்படிக் கொடுப்பேன்? விரலை எடுத்தார்கள், இப்போது இதையும் எடுத்துவிட்டேன் என்றா? பழசாக்குவது என் தொழில், அது ஒன்றுதான் கையில் இருக்கும் வழி. பழையபடியே ஆக்கிவிடுகிறேன். ஆனால் எந்தக் கீறல் எங்கே இருந்தது என்று எனக்கு ஓர்மை இல்லை மக்கா. தினமும் பார்த்தேன், ஒன்றையும் கவனிக்கவில்லை. நீதான் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்றவள். ஒவ்வொன்றாக எழுது. அம்மாவுக்கும் இன்னும் தெரியாது.

ரிஜோ


நவதுறவகம்
05.01.2025

இயேசுவுக்குப் புகழ்! புது வருஷ வாழ்த்து அண்ணா. எல்லாரும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை வாசித்து முதலில் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, சிஸ்டர் வாசிப்பார். அவர் உன் கடிதத்தைத் தரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு தந்தார். கடைசிப் பக்கத்தைத் தரும்போது சிரிக்கவில்லை.

சரி, எழுதிக்கொள். தலைப்பக்கத்தில், ஆணிகளுக்கு மேலே, ஒரு கறுத்த புள்ளி. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் எவனோ மெழுகுவர்த்தியோடு குனிந்தபோது சுட்டது. முதுகில் ஒரு வட்டம், பாதிதான் தெரியும். பாட்டுப் பயிற்சியில் கட்டன்சாயா தம்ளரை அதன் மேலேயே வைப்பார்கள். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, பாடகர் மேடைப் படியில் விழுந்தது. விழுந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. பழசு என்றால் முதுகில் பெல்ட் உரசிய கீறலும் வேண்டும் என்று உனக்குத் தோன்றும். போட்டுவிடாதே, அப்பா ஆயுசுக்கும் வேட்டிக்காரர்.

அப்புறம் கீழ் விளிம்பில் நாலு சின்னப் பள்ளம். அது என் பல். பல் முளைக்கிற வயசில் அப்பா மடியில் இருந்து கடித்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைக் காட்டுவார்.

அதை மட்டும் நீ போடாதே. ஆணியை வைத்து அடித்தால் அது என் பல் ஆகாது. எனக்கு அது பிடிக்காது.

ஷிஜி


அருமனை
09.02.2025

அன்பு ஷிஜி மக்காவுக்கு, அண்ணன் எழுதுவது. சுகம். வேலை நடக்கிறது.

பாலீஷில் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு விழ வேண்டும் என்றால், கிட்டாரை உறைகிற குளிரில் வைத்து எடுத்து உடனே சூடு காட்ட வேண்டும். கடையில் இருக்கிற பெட்டி ஆர்டருக்கே போதாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவின் மீன் பெட்டி இரண்டை அடியை வெட்டி ஒன்றாக ஒட்டி, கிட்டாரைப் பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்து, ஐஸ் பிளான்டில் ஐஸ் வாங்கி நிரப்பினேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது.

"ஏலே, நெய்மீனு வைக்கிற பெட்டிக்குள்ள என்னலே அது? அப்பாக்க கிட்டாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை வெட்டியதற்குத்தான் முதலில் அடித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். பிறகு அவளே ஐஸை நன்றாக மூடி வைத்தாள், "மேல கொஞ்சம் உமி போடு, அப்பம்தான் கரையாது" என்று. வெடிப்பு அருமையாக விழுந்திருக்கிறது. மீன் வாடையும் கொஞ்சம் விழுந்திருக்கிறது, வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. அப்பாவிடம் உண்மையைச் சொல்லவா, பழைய கிட்டார்தான் என்று மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவா? அம்மா வாயைத் திறக்காதே என்கிறாள். ராத்திரி உறக்கம் வரவில்லை மக்கா.

ரிஜோ


நவதுறவகம்
02.03.2025

இயேசுவுக்குப் புகழ்! அண்ணா, உன்னையும் அம்மாவையும் ஐஸ் பெட்டியையும் நினைத்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். இங்கே சுகம்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் வராது, போகாது. நீ எழுதுவதைச் சேர்த்து வைத்து ஈஸ்டருக்குத் தருவார்கள். எழுது.

உன் கேள்விக்கு: அவர் கேட்காத வரை நீயாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் பொய் சொல்லாதே. ஒரு வார்த்தைகூட.

வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் கைப்பட விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். என்னோடு இருக்கும் ஐந்து பேரும் கொடுத்துவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் வரை எனக்கு அவகாசம் தந்திருக்கிறார்கள். மனசுக்குள் தடை ஒன்றும் இல்லை என்று அதில் எழுத வேண்டும். நாலு நாளாக வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழைத்தவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை அண்ணா. வீட்டு வாசலில் திரும்பி உட்கார்ந்துகொண்ட அப்பாவின் முதுகுதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அவர் ஒரு தடவை என் பேரைச் சொன்னால் போதும்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை. தவக்காலத்தில் அம்மா ஒருசந்தி இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்.

ஷிஜி


அருமனை
30.03.2025

அன்பு ஷிஜிக்கு, நீ ஈஸ்டருக்கு வாசிப்பாய் என்று தெரிந்தே அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம்.

முடிந்துவிட்டது மக்கா! நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெழுகு சுட்ட புள்ளி, தம்ளர் வட்டம், அடி வெடிப்பு எல்லாம் வந்தாயிற்று. பல் போடவில்லை. எங்கெங்கே தேயும் என்று வெட்டிக் கடையில் வைத்திருக்கும் பட்டர் பேப்பர் அச்சை ஒட்டி, தடித்த கம்பிப் பக்கம் முழங்கை வந்து படியும் மேல் விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பாலீஷை எடுத்து மரத்தைக் காட்டியிருக்கிறேன். துவாரத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் கறுப்புத் தகட்டில் கம்பி தட்டித் தட்டி விழுகிற கீறல்களை மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். சத்தியநேசன் சார் பார்த்துவிட்டு, "கொள்ளாம் மக்கா, இருவத்தஞ்சு வருஷம் அப்பிடியே இருக்கு" என்றார். ஜான்ரோஸ் அண்ணனுக்கு மட்டும் வருத்தம், "எனக்க ஒரு நாளு பாடு போச்சு" என்று. அவரிடம் கதையைச் சொல்லி, காலைப் பிடிக்காத குறையாகச் சமாதானம் செய்தேன்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் கொடுக்கப் போகிறேன்.

ரிஜோ


நவதுறவகம்
21.04.2025

உயிர்த்த ஆண்டவருக்குப் புகழ்! அண்ணா, சுகம் விசாரிக்க நேரமில்லை. நேற்று மாலைதான் உன் கடிதத்தைத் தந்தார்கள். முதல் ஞாயிறு வரை பொறுக்க முடியாது என்று சிஸ்டரிடம் கெஞ்சி எழுதுகிறேன். கொடுத்துவிட்டாயா? ஐயோ, கொடுத்துவிட்டிருப்பாய்.

அப்பா இடங்கை! உனக்கு எப்படி மறந்தது? கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கம்பியைக்கூட மாற்றிக் கட்டாமல், இடது கையால் தட்டி வலது கையால் கார்டு பிடிப்பார். அதனால்தானே வலது கை விரல் போனதும் எல்லாம் போச்சு என்று மச்சில் போட்டார். மெல்லிய கம்பிப் பக்க விளிம்புதான் அவருக்குத் தேய்ந்திருக்கும். அந்தக் கறுப்புத் தகடு அவருக்கு மேலே போய்விடும், அதில் ஒரு கீறல் கிடையாது. தகடு இல்லாத பக்கத்தில்தான் மரமே குழிந்து போயிருக்கும். வேட்டி, பெல்ட் என்று எழுதினேனே, கையை எழுதாமல் விட்டேனே. உனக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். என் தப்பும்தான்.

நீ வலங்கைக்காரன் ஒருவனின் கிட்டாரைச் செய்து வைத்திருக்கிறாய். அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கோபப்பட்டாரா? உடனே எழுது, எதையும் மறைக்காதே. எனக்கு ஞாயிறு வரைதான் அவகாசம்.

ஷிஜி


அருமனை
22.04.2025

அன்பு ஷிஜி மக்காவுக்கு, அண்ணன் எழுதுவது. உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். எல்லாரும் சுகம். நிஜமான சுகம்.

ஈஸ்டர் அன்று சாப்பிட்டு முடித்ததும் சாக்கை அவிழ்த்துக் கிட்டாரை அப்பா மடியில் வைத்தேன். முதுகைத் திருப்பிப் பார்த்தார், தம்ளர் வட்டத்தைத் தடவினார். பிறகு பெருவிரலைக் கீழ் விளிம்பில் வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கொண்டுபோனார். திரும்பவும் கொண்டுபோனார்.

"ஷிஜிக்க பல்லு எங்கலே?"

மக்கா, மூன்று வருஷம் ஆகப் போகிறது, உன் பேரை அவர் வாயிலிருந்து கேட்டு. அம்மா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஜான்ரோஸ் அண்ணனிலிருந்து ஐஸ் பெட்டி வரை, ஒரு வார்த்தை மறைக்கவில்லை. கேட்டுவிட்டு எழுந்து கடப்புறத்துக்குப் போய்விட்டார். அம்மா என்னைத் திட்டின திட்டை எழுதினால் உன் சிஸ்டர் மயங்கி விழுவார்.

சாயங்காலம் வந்தார். நேராகக் கிட்டாரை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணி வருகிற சிரிப்பு.

"ஏலே மடையா, இது எந்த வலங்கைக்காரன் வாசிச்சது? எனக்க கிட்டாரு இந்தப் பக்கம்லா தேஞ்சிருக்கும்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடினால் அவர் இடங்கையில்தான் வாசிக்கிறார். ஆனால் ஏழு மாதம் வலங்கைக்கே தேய்த்த கை, அச்சை எடுத்துத் தன்பாட்டில் ஒட்டிவிட்டது. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"இங்கன பாரு, இங்க தேயணும்னா வாசிக்கிறவன் இப்பிடிலா பிடிக்கணும்" என்று எனக்குக் காட்டித்தர, கிட்டாரை நேராகத் திருப்பினார். நான் தேய்த்த இடத்தில் வலது முழங்கையை வைத்தார். இடது கை கழுத்தைப் பிடித்தது. அப்படியே நின்றுவிட்டார். இடது கையில் அஞ்சு விரலும் இருக்கிறது அல்லவா? அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கையில் மிச்சமிருக்கும் பெருவிரலால் கம்பியை மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தார்.

"ரிஜோ, நேராட்டு பிடிச்சா சி கார்டு எப்பிடிலே வரும்?" என்றார்.

அம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள். நானும்தான், மறைப்பானேன். போனில் வீடியோ போட்டுக் கொடுத்தேன். பத்து வயசு இருக்கும், ஒரு பெண்பிள்ளை பாடம் எடுக்கிறாள். அப்பா அவளை "டீச்சர்" என்கிறார். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போதும் அதே கார்டைப் பிடித்துக்கொண்டு, தப்பு வந்தால் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வார்த்தைப்பாட்டுக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. பயம். அவர்தான் கேட்டார், "மே முப்பத்தொண்ணுக்கு எத்தன நாளு கெடக்கு?" என்று. அந்தத் தேதியை நான் அவரிடம் சொன்னதே இல்லை மக்கா. அம்மாவும் சொல்லவில்லையாம். என் சட்டைப்பையில் இருந்த உன் கடிதங்களை எடுத்து வாசித்திருக்கிறார். எத்தனை நாளாகவோ.

விண்ணப்பத்தை எழுது.

ரிஜோ


வீடு
18.05.2025

ஷிஜி மக்களுக்கு அப்பா எழுதுது. சுகம். நீயும் சுகமாட்டு இருப்பேன்னு நம்புதேன்.

எழுத்து கோணலாட்டு இருந்தா திட்டாத. இது எடது கை எழுத்து. சின்னதுல நான் எடது கையில எழுதினேன்னு சாரு அந்தக் கையக் கட்டி வச்சு வலதுல எழுதப் பழக்கினாரு. இப்பம் திரும்பவும் எடதுல எழுதுதேன், அடிக்க சாரு இல்ல.

நீ விண்ணப்பம் எழுதிக் குடுத்தேன்னு ரிஜோ வாசிச்சுச் சொன்னான். சந்தோசம். நீ போன அன்னைக்கி நான் திரும்பிக்கூடப் பாக்கல்ல. கை போன வெப்ராளத்த உனக்க மேல காட்டிப் போட்டேன். உனக்க மேல ஒரு கோவமும் இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல்ல, அதான் நாளு நீண்டு போச்சு. பொறுத்துக்க மக்களே. பொறுப்புச் சிஸ்டரும் இத வாசிப்பாவன்னு தெரியும். வாசிக்கட்டு.

முப்பதாம் தேதி வண்டிக்கு மூணு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. அம்மா உனக்கு நெய்மீன் கருவாடு எடுத்து வச்சிருக்கா, மடத்துல உள்ள விடுவாவளா?

பாட்டு விசயம். முன்ன தலகீழாட்டுப் பிடிச்சதெல்லாம் மறந்து புதுசாட்டுப் படிக்கணும், அம்பத்தேழு வயசுல விரலு சொன்னா கேக்குமா? நுனியெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. ஆனாலும் சி வருது, ஜி வருது, ஏ மைனர் வருது. எஃப் மட்டும் வரல்ல. நீ எழுதின காணிக்கைப் பாட்டுல ரெண்டு இடத்துல எஃப் வரும். சத்தியநேசன் சாரு வேற சுலபப் பாட்டு எடுக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னு சொல்லிப் போட்டேன். நீ கேட்டது இந்தப் பாட்டுதான்.

அதனால ஒண்ணு செய்வோம். அந்த ரெண்டு இடத்துலயும் நான் கைய நிறுத்திருவேன். நீ அப்பம் நல்லா சத்தமாட்டுப் பாடு, ஒருத்தருக்கும் தெரியாது. அந்த இடம் கழிஞ்ச ஒடனே நான் வந்து சேந்துக்கிடுதேன்.

அப்பா
மரியான்